அமெரிக்காவிலிருந்து திரும்ப வாங்கிய படம்

மோடம் கத்துகிற சத்தம் உங்களுக்கு ஞாபகம் இருந்தால் நீங்களும் என் செட்டுதான். முடி நரைத்திருக்கும், இல்லை கொட்டியிருக்கும். பிள்ளைகள் நாள் முழுக்கக் கைப்பேசியை விரலால் தள்ளிக்கொண்டே இருப்பதைப் பார்த்தால் எரிச்சல் வரும். எனக்கும் வருகிறது. ஆனால் என் எரிச்சலுக்குக் காரணம் வேறு. அவர்கள் தள்ளித் தள்ளிப் பார்ப்பதெல்லாம் யாரோ விற்பனைக்குப் பரப்பி வைத்தது. நமக்கு அப்போது இன்டர்நெட் என்றால் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது போல. சுவரெல்லாம் கன்னாபின்னா நிறம். ஓரத்தில் மினுக்குகிற நட்சத்திரம். "இங்கே வேலை நடக்கிறது" என்று மண்வெட்டி பிடித்த ஒரு பொம்மை. உள்ளே அந்த மனிதர் தனக்குப் பிடித்த ஒன்றை, யாரும் கேட்காமலே, ஆசையாக அடுக்கி வைத்திருப்பார். விலை கிடையாது.

அந்த வீடுகளை எனக்குக் காட்டியது அக்கா.

தொண்ணூறுகளின் கடைசி. காட்டுத்தீப் புகைமூட்டம் வந்து பள்ளிக்கூடத்தை மூடினார்களே, அந்த வருஷம். நான் மலேசியாவில், கிள்ளானில், இடைநிலைப் பள்ளியின் முதல் வருஷமான படிவம் ஒன்றில் இருந்தேன். அக்கா படிவம் மூன்றோடு நின்றுவிட்டு, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்தாள். கடுகு அளவு மின்சாமான்களைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, கோணலாக இருப்பதைப் பொறுக்கி எடுத்துத் தனியே போட வேண்டும். அந்த ஃபேக்டரிக்குப் பெண்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்கு அப்பாதான் டிரைவர். ஆக, அக்கா வேலைக்குப் போனதும் அப்பா பஸ்ஸில், திரும்பி வந்ததும் அப்பா பஸ்ஸில், அதுவும் அப்பாவுக்கு நேர் பின்னால் இருக்கிற சீட்டில். கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தால் மகள் தெரிய வேண்டும் அவருக்கு.

அப்பாவின் கண்ணாடியில் தெரியாமல் அக்கா போன ஒரே இடம் சனிக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பு. அதற்கும் அவளாகக் கேட்டுப் போகவில்லை. கல்யாணத் தரகு ஆன்டி சொன்னதால் அனுப்பினார்கள். அந்த ஆன்டி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரர். கொமுட்டர் ரயிலில் வருவார். கையில் ஒரு சதுர பிஸ்கட் டின். டின் நிறையப் பெண்களின் படங்கள், ஒவ்வொன்றும் ஓர் உறைக்குள்.

"இப்பல்லாம் மாப்பிள்ள வீட்டுல மொத கேள்வியே கம்ப்யூட்டர் தெரியுமாங்கிறதுதான்லா" என்றார் ஆன்டி, வடையைப் பிட்டுக்கொண்டே. "ஆறு மாசம் அனுப்புங்க. படிப்பு கம்மின்னு ஒரு சொல்லு வராது பாருங்க."

அப்பா யோசித்தார். வகுப்பு தெங்கு கிளானா சாலையில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடி. கீழே மல்லிகைச் சரம், முறுக்கு எண்ணெய், கேசட் கடைப் பாட்டு. மேலே போய்க் கதவைத் தள்ளினால் ஏர்கான் குளிர், பழைய கம்பள நாற்றம், கப் மீ நூடுல்ஸின் வாசம். பாதிக் கடை வகுப்பு, மீதிப் பாதி சைபர் கஃபே. அப்பா ஒருநாள் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "பையனுங்க நெறைய இருக்கானுங்க. தம்பிய கூட அனுப்பு" என்று அம்மாவிடம் சொன்னார். காவலுக்கு நான். எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. யாரை எதிலிருந்து காப்பது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

வகுப்பில் டைப்பிங்கும் கணக்குக் கட்டம் போடுவதும் சொல்லித் தந்தார்கள். அது முடிந்ததும் ஒரு மணி நேரம் சும்மா நெட் பார்க்கலாம். மற்றவர்கள் நடிகர் படம் தேடுவார்கள். அக்கா ஒரு பக்கத்தின் அடியில் இருந்த இணைப்பைப் பிடித்து, அங்கிருந்து இன்னொன்று, அங்கிருந்து வேறொன்று என்று போய்க்கொண்டே இருந்தாள். கடுகில் கோணலைத் தேடிப் பழகிய கண். கோணலாக எது இருந்தாலும் நின்றுவிடும்.

"டேய், இங்க வா. இத பாரு."

வடக்கே குளிர் நாடு ஒன்றில் வயதான ஒரு அம்மா. தன் தெருவில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக் கதவு மணியையும் அழுத்தி, சத்தத்தைப் பதிந்து வைத்திருந்தார். வீட்டு எண்ணை அழுத்தினால் மணி அடிக்கும். ஒரு வீட்டு மணி ரிப்பேர். அந்த எண்ணை அழுத்தினால் கதவை விரலால் தட்டுகிற சத்தம். அக்கா ஹெட்போனின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்தாள். அந்தத் தட்டலைக் கேட்டுவிட்டு இருவரும் திரும்பிக் கடைக் கதவைப் பார்த்தோம்.

இன்னொன்று, எந்த நாடோ, ஒரு பஸ் டிரைவர். சீட்டில் ஜனங்கள் விட்டுப்போன சாமான்களைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். ஒற்றைக் கையுறை, ஒரு பல்செட், பாதி பின்னிய ஸ்வெட்டர். அப்புறம் ஜப்பானில் ஒரு பையன்; அவன் அறைக் கூரையில் மழைநீர் ஊறிய கறைகளைத் தீவுகளாக வரைந்து, தீவுக்கெல்லாம் பேர் வைத்து, கப்பல் போகிற வழிகூடப் போட்டிருந்தான். ஒரு பக்கத்தில் வெறும் பட்டன் மட்டும். அழுத்தினால் "நன்றி" என்று வரும். அவ்வளவுதான். அக்காவுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

"எதுக்குக்கா இது?"

"எதுக்கும் இல்ல. அதான்டா நல்லா இருக்கு."

வகுப்பு முடிந்து, கீழே ஒட்டுக்கடையில் ஆளுக்கொரு பண்டோங் வாங்கி, ரோஜா நிறப் பாலை உறிஞ்சிக்கொண்டே பஸ் நிலையம் வரை நடப்போம். நாங்கள் பார்த்ததையே மறுபடி எனக்குச் சொல்லிக்கொண்டு வருவாள். அவள் வாயால் கேட்கும்போது இன்னும் நன்றாக இருக்கும். வீட்டிலும் சொல்வாள். ஒருநாள் அந்த பஸ் டிரைவரைப் பற்றி அப்பாவிடம் சொன்னாள். அப்பா நெற்றியைச் சுருக்கினார்.

"பஸ்ல கெடந்த சாமானக் கொண்டுபோய் ஆபீஸ்ல குடுக்காம போட்டோ புடிச்சானா? அவனுக்கு வேல போயிரும்."

"குடுத்துட்டுத்தான்ப்பா புடிக்கிறாரு."

"நீ பாத்தியா?"

அக்கா சிரித்துவிட்டாள். அவள் சிரித்தால் முழுசாகச் சிரிப்பாள். தலை பின்னால் போகும், கடைவாய்ப் பல் வரை தெரியும்.

தரகு ஆன்டியின் டின்னுக்குப் படம் எடுக்க ஸ்டூடியோ போனபோதும் அதுதான் நடந்தது. அம்மா, அக்கா, நான். அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்து, கழுத்தை இப்படித் திருப்பு அப்படித் திருப்பு என்று படம் பிடிக்கிறவர் படுத்திக்கொண்டிருந்தார். பின்னால் தொங்கிய அருவித் திரை ஆணியிலிருந்து கழன்று என் தலைமேல் விழுந்தது. அருவிக்குள்ளிருந்து நான் கத்த, அக்கா சிரிக்க, அவர் பட்டனை அழுத்திவிட்டார். படம் கழுவி வந்தபோது இரண்டையும் அம்மா மேசைமேல் வைத்துப் பார்த்தார். ஒன்றில் அக்கா பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததுபோல இருந்தாள். மற்றது சிரிக்கிற படம்.

"இது வேணாம். பல்லு தெரியுது" என்று அம்மா அதை ஒதுக்கினார். "பொண்ணு படத்துல பல்லு தெரியக் கூடாது."

ஒதுக்கியதை அக்கா எடுத்துத் தன் வகுப்புப் புத்தகத்தில் வைத்துக்கொண்டாள்.

பாஸ்போர்ட் முகம் உறைக்குள் போய், டின்னுக்குள் போனது. அந்தப் படங்களுக்கு ஒரு முறை உண்டு. உங்களில் அக்கா தங்கையோடு பிறந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போன படம், சம்பந்தம் ஆகவில்லை என்றால், திரும்பி வந்தாக வேண்டும். பிற ஆண் வீட்டில் நம் பெண்ணின் படம் ஒருநாளும் தங்கிவிடக் கூடாது. இந்த விஷயத்தில் அப்பா கெடுபிடி. படம் வருகிற வரை ஆன்டிக்குப் போன்மேல் போன் போடுவார். வந்த பிறகுதான் அடுத்த வீட்டுப் பேச்சு.

அக்கா தன் இணையப் பக்கத்தைத் தொடங்கியது புகைமூட்டம் விலகிய சமயம். இலவசமாக இடம் தருகிற ஒரு வெளிநாட்டுத் தளத்தில், கடைக்கார அண்ணன் உதவியோடு போட்டாள். தமிழில் எழுத ஆசை. ஆனால் அப்போது ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு வேண்டும், இல்லையென்றால் வெறும் கட்டமும் கேள்விக்குறியும்தான் தெரியும். அதனால் அக்கா வெள்ளைத் தாளில் கலர் பேனாவால் கையாலேயே எழுதினாள். அதை ஸ்கேனரில் வைத்துப் படமாக ஏற்றினாள். கீழே உடைந்த இங்கிலீஷில் ஒரு வரி. மேலே பச்சை மையில் தலைப்பு: "போய்ப் பாருங்க."

அவளைப் பற்றி அதில் ஒன்றும் கிடையாது. எல்லாம் மற்றவர்களைப் பற்றித்தான். 'இந்த அம்மா தெருவுல எல்லா வீட்டு மணியும் அடிக்கும், ரிப்பேரான மணிய மட்டும் தவற விடாதீங்க.' 'இந்தத் தம்பி வீட்டு கூர ஒழுகுது, அதனால நமக்கு ஒரு உலகம் கெடச்சிருக்கு.' ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கோட்டுப்படம். வாரத்துக்கு ஒன்று சேரும். வருகிறவர்கள் ஏதாவது எழுதிவிட்டுப் போக ஒரு விருந்தினர் ஏடும் வைத்தாள்.

முதல் மாதம் அதில் நான் எழுதியது மட்டும் இருந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை திறந்தால், கதவு மணி அம்மா வந்து எழுதியிருந்தார். உன் பக்கத்தை என் பக்கத்தில் சேர்த்துவிட்டேன், நீ எழுதுகிற அந்த எழுத்து எவ்வளவு அழகு, நீ யார், உன் முகத்தைக் காட்டக் கூடாதா என்று. அக்கா அகராதியை எடுத்து, தெரிந்த வார்த்தைகளைக்கூடத் தேடித் தேடி வாசித்தாள். எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் 'நீ யார்' என்று கேட்டதில்லை.

வகுப்புப் புத்தகத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்தாள்.

"அம்மாதான் வேணாம்னு தூக்கிப் போட்டுட்டாங்களே. அப்ப இது எனக்குத்தான்" என்றாள்.

ஸ்கேனரின் வெளிச்சம் மெதுவாக அவள் சிரிப்பைத் தடவிக்கொண்டு போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். ஏட்டில் ஆண்பேரும் இருக்கும், பெண்பேரும் இருக்கும், பாதிப் பேரை ஆணா பெண்ணா என்று எங்களால் சொல்லவே முடியாது. எல்லாரும் தாங்கள் கண்டுபிடித்த ஒன்றைக் கொண்டு வந்து வைத்தார்கள். இதைப் போய்ப் பார், அதைப் போய்ப் பார்.

அந்த நேரத்தில்தான் பங்சார் மாப்பிள்ளை வந்தார். பங்சாரில் ஓர் ஆபீஸில் வேலை, கழுத்தில் டை. அவரும் அவருடைய அம்மாவும் ஆன்டியும் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார்கள். ஆன்டி ஓயாமல் பேசினார். "பொண்ணு கம்ப்யூட்டர் படிக்குதுங்க." மாப்பிள்ளையின் அம்மா சந்தோஷமாகத் தலையாட்டினார். அப்புறம் இந்தக் காலத்துப் பிள்ளைகள், ஐந்து நிமிஷம் பேசிக்கொள்ளட்டும் என்று முன்வாசலில், அப்பாவின் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் விட்டார்கள். காவலுக்கு நான்.

இரண்டு பேரும் மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அக்காதான் பேசினாள்.

"உங்க ஆபீஸ்ல இன்டர்நெட் இருக்கா?"

"இருக்கே. ஃபுல் டே இருக்கு."

"ஃபுல் டேயா!" அக்காவின் முகம் மாறியது. என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, கேசரிக்குக் கொடுத்த டிஷ்யூத் தாளில் அந்த நீளமான முகவரியை எழுதினாள். "நான் ஒரு பக்கம் வெச்சிருக்கேன். போய்ப் பாருங்க. பாத்துட்டு, எது ரொம்பப் புடிச்சிருக்குன்னு அடுத்த தடவ வரப்ப சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே மடித்து வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் முழுக்க அக்கா எனக்கு ஜோசியம் சொன்னாள். "பாரேன், அவருக்குப் பட்டன் புடிக்காது. ஆபீஸ் ஆளு. கூரைத் தீவுதான் புடிக்கும்." கல்யாணத்துக்கு அவள் சம்மதித்தது அந்த 'ஃபுல் டே'வுக்காகவோ என்று எனக்கு இன்றும் ஒரு சந்தேகம்.

அடுத்த வாரம் ஆன்டி சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். வடையைத் தொடவில்லை. டின்னை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"என்னக்கா இது, நமக்குள்ள ஒரு படம்தான்னு நெனச்சேன். இன்னொரு படத்த ஊரு உலகத்துக்கே குடுத்து வெச்சிருக்கீங்க. பையன் ஆபீஸ்ல பாத்திருக்கான். வெள்ளக்காரன், சீனன், எவனெவனோ அதுக்குக் கீழ எழுதியிருக்கானாம். அந்த அம்மா அழுவுறாங்க."

"என்ன படம்?" என்றார் அம்மா.

"பல்லெல்லாம் தெரியுற படம்."

அம்மா அக்காவைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

"முடியாதுன்னு சொல்லல" என்றார் ஆன்டி. "படத்தத் திரும்ப வாங்கிட்டா மேற்கொண்டு பேசலாம்னு சொல்றாங்க."

இந்த ஒரு வார்த்தை அப்பாவுக்குப் புரிந்தது. மற்றது எதுவும் புரியவில்லை. படம் வெளியே போயிருக்கிறது, போன படம் திரும்பி வர வேண்டும். மறுநாள், அக்கா ஃபேக்டரியில் இருந்த நேரம், அப்பா யூனிபார்மோடு என்னைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினார். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் கம்ப்யூட்டரில் சுட்டு விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் எல்லாரும் போலீஸ் என்று நினைத்து எழுந்து நின்றார்கள்.

"தம்பி, என் மக படம் உங்ககிட்ட இருக்காம். அதக் குடுத்துருங்க."

கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பக்கத்தைத் திறந்து காட்டினேன். கோடு கோடாக, மேலிருந்து கீழே, அக்காவின் முகம் இறங்கி வந்தது. அப்பா குனிந்தார். அவ்வளவு பெரியதாக மகள் சிரித்து அவர் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பஸ் கண்ணாடியில் தெரிவது கையகலம்தானே. திரைமேல் விரலை வைத்தார். எடுத்துவிடலாம் என்று பார்த்தாரா, தொட்டுப் பார்த்தாரா, தெரியாது.

"இது இங்க இல்ல அங்கிள். இது இருக்கிறது அமெரிக்காவுல."

"அமெரிக்காவுல யாரு கையில?"

"யாரு கையிலயும் இல்ல லா. ஒரு மெஷின்ல."

"மெஷினுக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான்ல. அட்ரஸ் குடுங்க. நம்ம முறையச் சொல்லி எழுதுனா குடுத்துருவான். அவன் வீட்டுலயும் பொண்ணு இருக்கும்."

பின்னால் ஒரு பையன் சிரித்தான். அண்ணன் அவனை முறைத்தார். நல்ல மனிதர். அப்பாவை யாரும் கேலி செய்யக் கூடாது என்றுதான் அவர் அடுத்ததைச் செய்தார். பிரிண்டரைப் போட்டார். அது முக்கி முனகி ஒரு தாளைத் தள்ளியது. தலைப்பு, அக்காவின் சிரிப்பு, அதற்குக் கீழே அவள் கையெழுத்தில் முதல் இரண்டு குறிப்புகள். மூன்றாவதின் தலை மட்டும் தெரிந்து தாள் முடிந்துவிட்டது. மடித்து, ஒரு பழுப்பு உறையில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தாங்க அங்கிள். வாங்கிக் குடுத்துட்டேன்."

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்க நல்லா இருப்பீங்க."

படி இறங்கும்போது சொன்னேன். "அப்பா, இது வெறும் காப்பிதான்ப்பா. உள்ள இன்னும் இருக்கு."

"கையில இருக்கு பாரு" என்றார் அப்பா உறையைத் தூக்கிக் காட்டி. "சின்னப் பையன், உனக்குத் தெரியாது."

வேலை முடிந்து வந்த அக்காவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு, "பாவம்டா அப்பா" என்றாள். பிறகு, "சனிக்கிழம போயி படத்த மட்டும் நானே எடுத்துடறேன். பக்கம் இருக்கட்டும்" என்றாள். ஒரு நிமிஷ வேலை அது. ஆனால் அந்தச் சனிக்கிழமை அவள் சீலை மாற்றிக்கொண்டு வந்தபோது அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க?"

"கிளாஸுக்குப்பா."

"அதான் படம் வந்துருச்சே. இனிமே கிளாஸ் வேணாம். நீயும் போக வேணாம்" என்று என்னையும் பார்த்துச் சொன்னார்.

அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். உள்ளே இருக்கிற படத்தை எடுக்க ஒரே ஒரு தடவை போக வேண்டும் என்று. படம் என் கையில் இருக்கும்போது நீ எதை எடுக்கப் போகிறாய் என்று கேட்டார் அவர். மூன்று வாரம் இப்படிப் போனது. ஆன்டியிடம் அப்பா பெருமையாகச் சொல்லி அனுப்பினார், திரும்ப வாங்கியாச்சு என்று. பங்சாரில் மாப்பிள்ளை மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்தார். சிரித்துக்கொண்டு அப்படியே இருந்தாள் அக்கா.

"ரெண்டாவது தடவையும் குடுத்திருக்கு பொண்ணு" என்று செய்தி வந்தது.

அப்பா யார்மேலும் கைநீட்டாத மனிதர். அன்றும் அடிக்கவில்லை. "நான் அலஞ்சு போயி வாங்கிட்டு வந்தத மறுபடியும் கொண்டுபோயி குடுத்துட்டியா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். அடித்திருக்கலாம்.

மாப்பிள்ளை ஒரு யோசனை சொல்லி அனுப்பினார். தானே நேரில் வருவதாக, தன் கண் முன்னால் அழித்துவிட வேண்டும் என்று. அப்படித்தான் ஒரு ஞாயிறு மத்தியானம், மூடியிருந்த கடையை அண்ணன் எங்களுக்காகத் திறந்துவிட்டார். அக்கா நாற்காலியில். அவளுக்குப் பின்னால் ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் மாப்பிள்ளை, டை கட்டிக்கொண்டு. ஏர்கான் போடாததால் அறை புழுங்கியது.

அக்கா உள்ளே போனாள். படத்தின்மேல் அம்பை வைத்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"படத்த மட்டும் எடுத்தா போதும்ல?"

அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர்தான் படித்தவர்.

"எல்லாத்தையும் எடுத்துடறது நல்லது அங்கிள். பின்னால ப்ராப்ளம் வராது" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

"எல்லாத்தையும் எடுத்துரு பாப்பா" என்றார் அப்பா.

அக்கா அப்போதுதான் திரும்பி மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க மணியெல்லாம் அடிச்சுப் பாத்தீங்களா?"

"என்ன மணி?"

"கதவு மணி. மொத லிங்க்."

"நான் லிங்க் எதையும் பாக்கல" என்றார். "உங்க போட்டோவையும், கீழ எழுதியிருக்கிற பேருங்களையும்தான் பாத்தேன்."

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். பிறகு அழிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் அந்த மெஷின் கேட்டது, நிச்சயமாக அழிக்கவா என்று. ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று அழுத்தினாள். மணி போனது. பஸ் போனது. தீவுகள், பட்டன், எல்லாம். கடைசியாகப் பச்சை மைத் தலைப்பு. அந்தச் சின்ன அறையில் எங்கள் யாரைவிடவும் அந்த மெஷின்தான் அவளிடம் நிறையத் தடவை சம்மதம் கேட்டது.

அந்தச் சம்பந்தமும் நடக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஆன்டி டின்னிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தார், பாஸ்போர்ட் முகத்தை. "கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணு வேணாம்னு அந்த அம்மா சொல்லிட்டாங்க" என்றார், தாம்தான் அனுப்பச் சொன்னோம் என்பது கொஞ்சமும் ஞாபகம் இல்லாமல். அப்பா அந்த உறையை வாங்கி, இரும்பு அலமாரியில், பழுப்பு உறைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். "எப்படியோ, ரெண்டு படமும் திரும்பி வந்துருச்சு" என்றார் அம்மாவிடம். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அக்கா அப்பாவுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போய் வந்தாள். யாராவது நகைச்சுவையாகப் பேசினால் சிரிப்பாள். கை தானாக எழுந்து வாயை மூடிக்கொள்ளும்.

நான் படிவம் நான்குக்குப் போனபோது எங்கள் ஹாலுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. டெலிபோன் வயரை இழுத்து நெட்டும் போட்டார் அப்பா. எனக்காக. பையன் படிக்க வேண்டும் அல்லவா. வருகிறவர்களிடமெல்லாம், "இவன் அதுல ராத்திரி பகலா ஒக்காந்திருக்கான், பெரிய ஆளா வருவான்" என்று சொல்வார். அக்கா அப்போது கல்யாணமாகிப் பூச்சோங்கில் இருந்தாள். அத்தானுக்கு அங்கே டயர் கடை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த மெஷின்மேல் இருக்கிற தூசியைத் துடைத்து வைப்பாள். உட்காரச் சொன்னால், "சட்டியில எண்ண காயுதுடா" என்பாள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது கம்ப்யூட்டர். இன்றுவரை அதில்தான் சோறு. அப்பா சாகும்வரை அது தன் கெட்டிக்காரத்தனம் என்றே நம்பினார்.

வேலையில் சேர்ந்த பிறகு தேடிப் பார்த்தேன். அக்காவுக்கு இடம் கொடுத்த அந்த இலவசத் தளமே மூடிப்போயிருந்தது. பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கிற ஓரிடத்தில் கதவு மணி அம்மாவின் பக்கம் மட்டும் அரைகுறையாகக் கிடந்தது. வீட்டு எண்கள் இருந்தன. அழுத்தினால் ஒரு மணியும் அடிக்கவில்லை. அடியில், எனக்குப் பிடித்தவை என்று ஒரு பட்டியல். அதில் ஒரு வரி: கிள்ளான் என்ற ஊரில் ஒரு பெண், எங்கே பார்க்க வேண்டும் என்று இவளைக் கேளுங்கள். அழுத்தினேன். அப்படி ஒன்றும் இல்லை என்று வந்தது.

போன வருஷம் அப்பா தவறிய பிறகு இரும்பு அலமாரியைத் திறந்தோம். இரண்டு உறையும் அவர் வைத்த இடத்திலேயே இருந்தன. பழுப்பு உறையை எடுத்துக்கொண்டு பூச்சோங் போனேன். அக்காவுக்கு என்னவோ பெரிய புதையலைக் கொண்டு போகிறேன் என்று நினைப்பு எனக்கு. அவள் போட்ட அந்த இணையப் பக்கத்தில் மிச்சம் இருப்பது இந்த ஒரு தாள்தானே. மை மங்கி, மடிப்பில் கிழிந்திருந்தது. பச்சைத் தலைப்பு சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். முதல் குறிப்பை உதடசைத்துப் படித்தாள். இரண்டாவதையும்.

"மூணாவது என்னடா? வெட்டிருக்கே."

"பட்டனா, தீவா... பட்டன்னு நெனைக்கிறேன்."

"என்ன பட்டன்?"

சொன்னேன். அழுத்தினால் நன்றி என்று வருமே, அது. அவள் யோசித்தாள். "அப்படி ஒண்ணு இருந்துச்சா?" என்றாள்.

அவள் மகள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். இருபத்து மூன்று வயது, வேலைக்குப் போகிறாள். கையில் எப்போதும் போன்.

"ஐயோ, ம்மா! இது நீங்களா? செம்மையா இருக்கீங்க லா. இருங்க, ஒரு படம் புடிச்சுப் போடறேன். எல்லாரும் பாக்கட்டும்."

அவள் போனைத் தூக்குவதற்குள் அக்கா தாளை மடித்துவிட்டாள். பழைய மடிப்பிலேயே. உறைக்குள் வைத்து, உறையின் வாயை நகத்தால் அழுத்தித் தேய்த்தாள்.

"வேணாம்" என்றாள். "பல்லு தெரியுது."